பஸ் ஏறிப் போன ஜெயராணி

கோகுலுக்கு வலிப்பு வந்தபோது நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் பஸ் ஸ்டாப்பில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. என்னைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்துவிட்ட பையன், டிக்கெட் எடுக்க வைத்திருந்த சில்லறை கையிலிருந்து சிதற, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். தலை தரையில் மோதுவதற்குள் என் கையைக் கொடுத்துவிட்டேன். முழங்கையில் தோல் உரிந்தது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

டீக்கடையில் இருந்த நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் சாவிக்கொத்தை நீட்டினார். இன்னொருவர் வாயில் எதையோ வைக்கப் பார்த்தார். "ஒண்ணும் வைக்க வேணாம்ணே, சுத்தி நிக்காம காத்து விடுங்க" என்றேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். என் கைப்பையைத் தலைக்கு அடியில் வைத்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். திராட்சைப் பெட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நசுங்கிய பன்னீர் திராட்சையின் வாசனையும் டீசல் புகையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அதே நேரம் பஸ் ஒன்று வந்து நின்ற சத்தமும், விசில் சத்தமும், அது கிளம்பிப் போன சத்தமும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டன. கேட்டேன், அவ்வளவுதான். என் கண் கோகுலின் உதட்டில் இருந்தது.

வலிப்பு அடங்கியது. உதட்டின் நீலம் மெல்ல வடிந்து, பெருமூச்சு விட ஆரம்பித்தான். அப்போதுதான் தலையைத் தூக்கினேன்.

தவமணி அதே இடத்தில் நின்றிருந்தாள். சாமுவேல் சக்கர நாற்காலியில் இருந்தான். அதன் கைப்பிடியை விடாமல் பிடித்தபடி இன்னொரு பையன் நின்றான். ஜெயராணியைக் காணோம்.

"அந்தப் பச்சைச் சுடிதார் பிள்ளையா?" என்றார் டீக்கடைக்காரர். "சின்னமனூர் வண்டியில ஏறிப் போயிருச்சே டீச்சர். நீங்கதான் ஏத்திவிட்டீகன்னு நினைச்சேன்."

பின்னாடி ரூம்

சென்ற இதழைப் படித்துவிட்டு பெரியகுளத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பள்ளிக்கூட வயது முடிந்த பிறகும் அந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு ஒரு டீச்சர்?" குத்தலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தார். பதிலை இங்கேயே சொல்லிவிட்டு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு போகிறேன்.

அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ள ஒரு பிள்ளை அரசுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எப்படியோ பதினைந்து, பதினாறு வயதை எட்டிவிடுகிறது. கூடப் படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்புக்கும் பாலிடெக்னிக்குக்கும் போய்விடுகிறார்கள். இந்தப் பிள்ளை வீட்டுக்குள் போய்விடுகிறது. போனால் போனதுதான். அந்தப் பிள்ளைகளுக்காக, பள்ளிக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு பாலம் போல நடக்கிற வகுப்பு எங்களுடையது. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளமான பெயர் உண்டு. ஊரில் 'பின்னாடி ரூம்' என்பார்கள். ஓடைப்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மேல்நிலைப் பள்ளியின் பின்புறம், பழைய லேப் இருந்த அறை. ஊர்ப் பெயர் வேண்டாம்.

நாங்கள் எழுத்து சொல்லிக்கொடுப்பது குறைவு. துணி மடிப்பது, டீ போடுவது, கடையில் பாக்கிச் சில்லறையை வாங்காமல் நகரக் கூடாது என்பது, குளிக்கும்போது கதவைத் தாழ் போட வேண்டும் என்பது. யாராவது தொட்டால் சத்தம் போட வேண்டும் என்பதும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் பஸ் பாடம்; அறையில் விட்டுவர ஆளில்லாததால் சாமுவேலும் ஸ்டாப்புக்கு வருவான். பஸ் வந்தால் முதலில் இறங்குகிறவர்களுக்கு வழி விட வேண்டும். பிறகு கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். உட்கார வேண்டும். நம் இடம் வந்தால் எழுந்திருக்க வேண்டும்.

ஜெயராணி அன்றைக்குச் செய்தது இதைத்தான். பஸ் வந்தது. ஏறினாள்.

மல்லிகாக்கா போன பிறகு

தொடங்கிய புதிதில் அந்த அறை நிறைந்திருந்தது. நான் ஒப்பந்தச் சம்பளத்தில் சிறப்பாசிரியை. உதவிக்கு மல்லிகாக்கா. வாரம் ஒரு முறை கை கால் பயிற்சி கொடுக்க ஒரு தம்பி தேனியிலிருந்து பைக்கில் வருவார். பிள்ளைகளைக் கூட்டிவர ஆட்டோவுக்கும் ஒரு தொகை உண்டு.

மல்லிகாக்காவை 'ஆயா' என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். வகுப்பின் முதுகெலும்பு அவர்தான். சாமுவேலைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போவார். வாயில் எச்சில் வடிகிற பிள்ளைக்குத் துடைத்துவிடுவார். பெரிய பெண்பிள்ளைகளை மாதத்தில் அந்த நாட்களில் தனியாகக் கூட்டிப்போய், துணி மாற்றிவிட்டு, அவர்களே மாற்றிக்கொள்ளவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். அவர் இருந்ததால்தான் நான் டீச்சராக இருக்க முடிந்தது.

ஒரு வருஷம் நிதி வருவது தாமதமானது. முதலில் ஆட்டோவுக்கு நின்றது. பிறகு மல்லிகாக்காவுக்கு நின்றது. எனக்கும் இழுத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தார், உலை கொதித்தது. மல்லிகாக்கா வீட்டில் அவர் ஒருத்தர் கைதான். மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், ஒரு நாள் வகுப்பைக் கூட்டிப் பெருக்கி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "திராட்ச பேக்கிங்ல கூப்பிடுறாக டீச்சர். அன்னன்னைக்குக் கூலி. மன்னிச்சிக்கங்க." மன்னிக்க என்ன இருக்கிறது. பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பினேன்.

அவர் போனதும் பெரிய பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். ஆட்டோ இல்லாததால் தோட்டத்து வீடுகளில் இருந்து வந்தவர்கள் நின்றார்கள். அறுவடை சமயத்தில், வீட்டில் தனியாக விட முடியாமல் பெற்றோர் தோட்டத்துக்கே கூட்டிப்போன பையன்கள், அறுவடை முடிந்த பிறகும் திரும்பவில்லை. புது ஆயா கேட்டு மனுக் கொடுத்தேன். வருகை குறைவாக உள்ள மையத்துக்குப் பணியாளர் நியமிக்க வழியில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு செய்தி. எங்கள் வகுப்பைத் தேனியில் உள்ள வகுப்போடு சேர்த்துவிடப் போகிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து தேனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சாமுவேலின் நாற்காலியை எந்த பஸ்ஸிலும் ஏற்ற முடியாது. சேர்ப்பது என்று எழுதியிருந்தாலும் மூடுவது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதற்கு முன்பு ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். அந்த மாதத்தில் ஏதாவது ஒரு நாள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

ஹெச்.எம். சொன்ன யோசனை

எங்கள் தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். அறையைக் காலி செய்து ஸ்மார்ட் வகுப்பு ஆக்கலாம் என்று யார் யாரோ சொன்னபோதெல்லாம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பதிவேட்டுல எத்தனை பேரும்மா?"

"பத்துப் பேர் சார்."

"வர்றது?"

"நாலு. சில நாள் அஞ்சு."

"சரி. ஒம்பதாம் வகுப்புல சத்தம் போடாத பிள்ளைக அஞ்சாறு இருக்கு. அவர் வர்ற அன்னைக்கு மட்டும் கொண்டாந்து உட்கார வச்சிருவமா? ஒரு மணி நேரம்தான்."

ஒரு கணம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் தவமணி நினைவுக்கு வந்தாள். தவமணிக்குப் புது முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும். 'உங்க பேரு என்ன, உங்க ஊரு எது, நீங்க ஏன் வந்தீக' என்று பதில் வரும்வரை விட மாட்டாள். பதில் வந்தாலும் மறுபடி கேட்பாள்.

"அதிகாரி முன்னாடியே அவ அந்தப் பிள்ளைகள்ட்ட 'நீ ஏன் வந்த'ன்னு கேட்டுருவா சார்" என்றேன்.

ஹெச்.எம். சிரித்துவிட்டார். "அப்ப நிஜப் பிள்ளைகளத்தான் கூட்டிட்டு வரணும்" என்றார்.

ஈஸ்வரியின் முந்தானை

அதனால் நான் வீடு வீடாகப் போனேன். வகுப்பு முடிந்ததும் ஒரு நாளைக்கு ஒரு வீடு. சில வீட்டில் மோர் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில், பையன் ஆடு மேய்க்கப் பழகிவிட்டான், இனி எதற்குப் பள்ளிக்கூடம் என்றார்கள். அது நல்ல பதில், நான் சந்தோஷமாகத் திரும்பினேன்.

ஜெயராணியின் அம்மா ஈஸ்வரிக்கு சின்னமனூர் மார்க்கெட்டில் வேலை. வெங்காயமும் தக்காளியும் தரம் பிரிப்பார். வீட்டுக்காரர் மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில், மாதம் ஒரு தடவை வருவார். ஜெயராணிக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். வீட்டில் விட ஆளில்லாமல், தினமும் அவளை பஸ்ஸில் கூட்டிப்போய், கடைக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து, சாயங்காலம் கூட்டி வருவார். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

"வயசுக்கு வந்த பிள்ள டீச்சர்" என்றார் ஈஸ்வரி. "மாசத்துல அந்த நாள் வந்தா இவளுக்குத் துணி மாத்தத் தெரியாது. மல்லிகாக்கா இருந்தாக, பாத்துக்கிட்டாக. இப்ப யாரு பாப்பாக?"

"நான் பாத்துக்கிறேன் ஈஸ்வரி."

"நீங்க இவளக் கூட்டிட்டு அங்கன போனா, இங்கன இருக்கிற மத்ததுகள யாரு பாக்குறது?"

அந்தக் கேள்வியைத்தான் நானும் மேலே உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெயராணி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பாருங்க, இந்த முந்திய விட மாட்டா. மார்க்கெட்டுக்குள்ளயும் இப்படித்தான். ஒத்தையில ஒரு எட்டு வைக்க மாட்டா" என்றார் ஈஸ்வரி. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அந்த நாட்களில் அனுப்ப வேண்டாம். மற்ற நாட்களில் அனுப்பட்டும். காலையில் மார்க்கெட் போகிற வழியில் ஈஸ்வரியே கொண்டுவந்து விடுவார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கள நம்பித்தான் விடுறேன்."

பஸ் ஸ்டாப்பில் கோகுலுக்கு வலிப்பு வந்தது, ஜெயராணி திரும்பி வர ஆரம்பித்த முதல் வாரத்தில்.

வண்டியை எடுத்துப் போங்க

பள்ளியில் அன்று தேர்வு. ஹெச்.எம். உட்பட எல்லாரும் ஹாலில். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஈஸ்வரிக்கு போன் செய்தேன். எடுத்தது அவருடைய சின்ன மகன். அன்றைக்குப் பள்ளிக்கு மட்டம் போட்டிருந்தான் போல. "அம்மா போன வீட்டுலயே வச்சிட்டுப் போயிருச்சு டீச்சர். எதுவும் சொல்லணுமா?" என்றான்.

என்ன சொல்ல. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

கோகுலை இந்த நிலையில் விட்டுப் போக முடியாது. சாமுவேலை விட்டுப் போக முடியாது. ஜெயராணியைத் தேடாமல் நிற்கவும் முடியாது. வழியெல்லாம் என் மனக்கண்ணில் வந்து போனது. எங்கோ ஒரு தோட்டத்து நிறுத்தத்தில் அவள் இறங்கி நிற்பது, வாய்க்கால் கரை, கூட வந்து பேச்சுக் கொடுக்கிற யாரோ ஒருவன்.

அப்போதுதான் ஒரு ஜீப் வந்து நின்றது. முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் இறங்கினார். கையில் ஃபைல். "ரூம் பூட்டியிருந்துச்சு. கேட்டேன், பஸ் ஸ்டாப்ல இருப்பீங்கன்னாங்க" என்றார். திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு. எங்களைப் பார்த்துப் போக வந்த அதிகாரி.

இதைவிட மோசமான நேரத்தில் அவர் வந்திருக்க முடியாது என்று நினைத்தேன். பூட்டிய அறை, தரையில் கிடக்கிற பையன், காணாமல் போன பெண். மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவர் ஃபைலை ஜீப்பின் சீட்டில் போட்டார். "வண்டிய எடுத்துட்டுப் போங்க டீச்சர். இவங்கள நான் பாத்துக்கறேன்."

"நீங்களா சார்?"

"வேற யார் இருக்காங்க?"

டீக்கடைக்காரரும் இன்னொருவரும் கோகுலைத் தாங்கி அறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஓடிக்கொண்டே சொன்னேன்: கோகுல் இனித் தூங்குவான், ஒருக்களித்தே படுக்கட்டும், மறுபடி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. சாமுவேல் கையைத் தூக்கினால் கழிப்பறைக்கு என்று அர்த்தம், தாமதிக்கக் கூடாது. தவமணி கேட்டதையே கேட்பாள், பதில் சொன்னால் போதும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பயந்துதான் போயிருந்தார். இருந்தாலும் நாற்காலியைத் தள்ள ஆரம்பித்திருந்தார்.

அம்மா

டிரைவர் வேகமாக ஓட்டினார். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை மெதுவாக்கச் சொல்லி, பச்சைச் சுடிதாரைத் தேடினேன். ஒரு நிறுத்தத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. இறங்கி ஓடினேன். யாரோ காயப்போட்ட போர்வை.

சின்னமனூர் பஸ் நிலையத்தில் அந்த பஸ் காலியாக நின்றது. கண்டக்டர் நிழலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். அடையாளம் சொன்னேன்.

"ஆமா, ஒரு பிள்ள ஏறுச்சு" என்றார். "பொம்பளைகளுக்குத்தான் காசில்லையே, இருந்தாலும் டிக்கெட்டு கிழிக்கணும்ல. எங்கத்தா போகணும்னு கேட்டேன். 'அம்மா'ன்னுச்சு. சரி, அம்மாகூட வந்திருக்குன்னு விட்டுட்டேன். மார்க்கெட்டு ஸ்டாப்புல ஒரு கூட்டம் இறங்குச்சு. அதோட இறங்கிருச்சு."

அவர் முடிப்பதற்குள் நான் ஜீப்பை நோக்கி ஓடினேன்.

மார்க்கெட்டுக்குள் ஜீப் போகாது. வெங்காயச் சருகு காற்றில் பறந்துகொண்டிருந்தது. அழுகிய தக்காளி காலில் வழுக்கியது. மல்லித்தழைக் கட்டுகளைத் தாண்டி, மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழி விட்டு, ஈஸ்வரி வேலை செய்கிற கடையைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

ஜெயராணி சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்: "டீச்சர், பஸ்ஸு வந்துச்சு. ஏறினேன்."

பக்கத்தில் இருந்த காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். ஈஸ்வரி வெங்காயத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கண் சிவந்திருந்தது. அது வெங்காயத்தாலா என்று தெரியவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"ஈஸ்வரி, கோகுலுக்கு..."

"ஒண்ணும் சொல்லாதீக டீச்சர். மொதல்ல மூச்சு வாங்குங்க."

நான் மூச்சு வாங்கியதும் அவரே பேசினார். "குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். தலையைத் தூக்குறேன், எதுக்க நிக்குறா. பின்னாடி நீங்க வருவீகன்னு பாத்தேன். யாருமில்ல. அம்புட்டுப் பெரிய ரோட்டத் தாண்டியிருக்கா டீச்சர். இந்தச் சந்து பொந்தெல்லாம் நுழைஞ்சு வந்திருக்கா. ஒத்தையில."

"பயந்திருப்பீங்க."

"பயம் வந்துச்சு. ஆனா அது ரெண்டாவதாத்தான் வந்துச்சு." கையில் இருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இல்லாமப் போனா இவ என்ன செய்வா, என்ன செய்வான்னு, இவ பெறந்ததுலருந்து எனக்கு அதே நெனப்பு. சோத்துல கை வைக்கும்போதும் அதே. இவ எதுக்க வந்து நின்னா பாருங்க, அந்த நேரம் மட்டும் அது இல்ல. ஒரு நிமிசம் இருக்கும். அது இல்லாம இருந்தா ஒடம்பு எப்பிடி இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

நான் ஜெயராணியைப் பார்த்தேன். அவள் வெள்ளரிப்பிஞ்சில் பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினாள்.

"அதுக்காக" என்று குரலை மாற்றிக்கொண்டார் ஈஸ்வரி, "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா நான் அனுப்ப மாட்டேன். ரோட்டுல வண்டிக எப்பிடிப் போகுது. ஆளப் போடச் சொல்லுங்க டீச்சர். ஒரு ஆளு எத்தன பிள்ளயப் பிடிக்கும்."

"இன்னைக்கே சொல்றேன். சொல்ல வேண்டியவர் அங்கன வகுப்புலதான் இருக்காரு" என்றேன்.

அதிகாரி எழுதியது

நான் ஜெயராணியோடு திரும்பியபோது அறை அமைதியாக இருந்தது. கோகுல் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அதிகாரி முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். பேன்ட்டின் ஒரு கால் நனைந்திருந்தது. சாமுவேல் வேறு டவுசர் போட்டிருந்தான். அது பின்பக்கம் முன்னால் வந்திருந்தது.

"சாருக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம் டீச்சர்" என்றாள் தவமணி.

"இருபது தடவையாவது சொல்லிட்டேன்" என்றார் அவர். ஜெயராணியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கிடைச்சிட்டாங்களா. நல்லவேளை. நல்லவேளை."

அதற்குப் பிறகுதான் ஃபைலைத் திறந்தார். பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். மீதிப் பேர் எங்கே என்றார். ஒவ்வொரு வீட்டையும் சொன்னேன். ஈஸ்வரி கேட்ட கேள்வியை, ஈஸ்வரி கேட்ட மாதிரியே சொன்னேன். மல்லிகாக்காவைப் பற்றிச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் பேனாவைத் திறக்கவில்லை.

"பிள்ளைங்க வராததால ஆயா போடலன்னு இதுல எழுதியிருக்காங்க" என்றார் கடைசியில். "ஆயா இல்லாததால பிள்ளைங்க வரலன்னு நான் எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்ல டீச்சர். நடக்கும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

"எழுதுங்க சார். அது போதும்" என்றேன். போதாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் கிளம்பும்போது தவமணி வாசல்வரை போனாள். "நீங்க ஏன் வந்தீக?" என்று கேட்டாள். அவர் ஜீப்பில் ஏறப்போனவர் நின்று, நிஜமாகவே யோசித்தார். பிறகு கையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாவு வாளியோடு

அப்புறம் பல வாரம் ஒரு தகவலும் இல்லை. பொங்கல் வந்து போனது. தேனியில் அறை பார்த்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அதெல்லாம் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் தினமும் அறையைத் திறந்தேன், பூட்டினேன்.

செய்தி வந்தபோது மாவு அரைக்கும் கடையில் நின்றிருந்தேன். அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா, அவசரமான குரலில் சொன்னார்: உங்கள் வகுப்பு அங்கேயே நடக்கும், சேர்க்கவில்லை. உதவியாளர் பணியிடம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மல்லிகா என்பவரின் பழைய பாக்கியும் இரண்டு தவணையாக வந்துவிடும். ஆட்டோ விஷயம் மட்டும் இன்னும் பரிசீலனையில். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கேக்குதா?" என்றார். கிரைண்டர் சத்தத்தில் எல்லாம் கேட்டது. மாவு வாளியை வாங்கிக்கொண்டு, காசு கொடுக்க மறந்து, தெருமுனைவரை போய்விட்டேன். கடைக்காரப் பெண் பின்னாலேயே வந்தார். "எங்க ரூம மூடல" என்று அவரிடம் சொன்னேன். எந்த ரூம் என்று அவருக்குத் தெரியாது. "நல்லதுக்கா" என்றார்.

மறுநாள் திராட்சை பேக்கிங் நடக்கிற கொட்டகைக்குப் போனேன். மல்லிகாக்கா கத்தரிக்கோலால் கெட்டுப்போன பழங்களை நறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கருநீலம். விஷயத்தைக் கேட்டவர் ஒரு பெட்டியை முழுதாக அடுக்கி முடித்தார்.

"வர்றேன் டீச்சர். ஆனா சம்பளம் நின்னா நானும் நின்னுருவேன். அப்ப வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்பட மாட்டேன்."

"பிள்ளைக எப்பிடி இருக்கு?"

"உங்களக் கேக்குதுக."

"ஜெயராணி பஸ் ஏறிப் போயிருச்சாம்ல, ஊரே சொல்லுது" என்று சிரித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோகுலின் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது, அங்கே அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது. பயிற்சி கொடுக்க வருகிற தம்பி வந்தால் வந்ததுதான். கழிப்பறைத் தாழ்ப்பாள் இன்னும் பாதிதான் பொருந்துகிறது. ஆனால் மல்லிகாக்கா திரும்பிவிட்டார் என்ற செய்தி ஊருக்குள் போனதுமே, நின்றுபோன பெண்பிள்ளைகளில் மூன்று பேர் ஒரே வாரத்தில் வந்து நின்றார்கள். நான் யார் வீட்டுக்கும் போகவில்லை.

ஈஸ்வரியோடு பேசி பஸ் பாடத்தை மாற்றி அமைத்தோம். இப்போது ரோட்டைத் தாண்டுவதற்கே தனியாக ஒரு மாதம் ஒதுக்கியிருக்கிறோம். ஜெயராணிக்கு அது பிடிக்கவில்லை. தனக்குத்தான் தெரியுமே என்பது அவள் கட்சி.

மல்லிகாக்கா வேலைக்குத் திரும்பிய முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

அவர் வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் நகத்தையும் பார்த்தார். என்ன டீச்சர் இப்படி வளர விட்டிருக்கீக என்றார். நகவெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். இடைவேளை மணி அடித்தது. நான் எழுந்து, "மல்லிகாக்கா, அஞ்சு நிமிசம் பாத்துக்கங்க, வந்துர்றேன்" என்றேன். அவர் தலையைத் தூக்காமலே, "போயிட்டு வாங்க" என்றார்.

அவர் இல்லாத காலம் முழுவதும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் திரும்பும்வரை நான் தண்ணீர் குடித்ததில்லை. குடித்தால் போக வேண்டும். போனால் பிள்ளைகளை யாரிடம் விடுவது. நீர்க்கடுப்போடு போனபோது தேனியில் ஒரு டாக்டரம்மா, ஏம்மா, நாள் முழுக்கத் தண்ணியே குடிக்க மாட்டீங்களா என்று இரண்டு முறை கடிந்துகொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கி வந்தேன். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. இது ஒரு குறையென்று எந்த மனுவில் எழுதுவது.

அன்று ஆசிரியைகள் கழிப்பறைக்கு நிதானமாக நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தேன். மூலையில் இருந்த பானையில் மொண்டு, நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தேன். கழுத்தில் வழிந்து ஜாக்கெட் நனைந்தது. இன்னொரு செம்பு மொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குள் இன்னும் இரண்டு தடவை அஞ்சு நிமிசம் கேட்டேன். மல்லிகாக்கா ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.